மனோவியாதிக்குத் தீர்த்தமா? தொலைபேசியா?

(திருச்சியில் நடைபெற்ற பொதுக்கூட்டம் ஒன்றில் பேசியதன் சாரம்)



இன்று நான் கடவுள் உண்டா இல்லையா என்று பேச எழுந்திருக்கவில்லை. அதைப்பற்றி இந்த ஊரில் எத்தனையோ தடவை பேசியாய்விட்டது. மனத்துக்கு வரும் நோயைப் பற்றியும், அதற்கு இக்காலத்தில் வீட்டிலிருந்தபடியே தொலைபேசி மூலமோ, இணையத்தின் வழியாக முகம் பார்த்தோ செய்துகொள்ளக்கூடிய சிகிச்சையைப் பற்றியுமே பேசப்போகிறேன்.

காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் ஓடுகிற நம் ஜனங்கள், தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, எதிலும் நாட்டமில்லை என்றால் மாத்திரம் எங்கே போகிறார்கள்? ஜோசியன் சனி என்கிறான். பூசாரி பேய் என்கிறான். புரோகிதர் பூர்வஜன்ம கர்மம் என்கிறார். காரணம் சொல்வதில் மூவரும் வேறு வேறாக இருந்தாலும் தட்சணைக்குக் கை நீட்டுவதில் மாத்திரம் ஒற்றுமையாகவே இருக்கிறார்கள். (சிரிப்பு)

முசிரி போகும் பாதையில், காவிரிக்கரையில் குணசீலம் இருப்பது உங்களுக்கெல்லாம் தெரியும். மனங்கலங்கியவர்களை அங்கே அழைத்துப்போய் 48 நாள் வைத்திருப்பதும், உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பதும் வழக்கம். சிலருக்குக் குணமாகிறதே, அதற்கென்ன சொல்லுகிறாய் என்று கேட்பீர்கள். குணமாகலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் எதனால் என்று பார்க்க வேண்டாமா? வீட்டுச் சண்டையிலிருந்து விலகி, வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குப் படுத்து, கூட ஒரு மனிதர் துணையிருக்க 48 நாள் கழிந்தால் பலருடைய மனம் சற்று நிதானப்படத்தான் செய்யும். ஒழுங்கு செய்த வேலைக்குத் தீர்த்தம் கூலி வாங்கிக்கொள்ளுகிறது! அவ்விடத்திலேயே இப்போது சர்க்கார் அனுமதி பெற்ற மனநல மறுவாழ்வு இல்லமும் இருக்கிறது. தீர்த்தமே போதுமானால் அது எதற்கு?

ஸ்ரீரங்கத்துச் சங்கதி இதைவிட வேடிக்கை. பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் அந்தக் கோயிலிலேயே முற்காலத்தில் ஆரோக்கியசாலை ஒன்று இருந்ததைக் கல்வெட்டே சொல்லுகிறது. பெருமாளைச் சுற்றி ஏழு மதில் கட்டியவர்களும் நோய்க்கு வைத்தியரைத்தான் வைத்துக்கொண்டார்கள். அவர்களைவிட நாம் பக்திமான்களாக வேண்டுமா?

கட்டிப்போட்டுக் குணப்படுத்துகிறோம் என்பதன் முடிவை ஏர்வாடியில் கண்டோம். 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்லுகிறது. ஆனால் சட்டம் கையில் உள்ள சங்கிலியைத்தான் அவிழ்க்கும். "நாலு பேர் என்ன சொல்லுவார்கள்" என்ற சங்கிலியை யார் அவிழ்ப்பது?

தொலைபேசி இங்கேதான் உதவுகிறது. அந்த முனையில் இருப்பவர் என்ன செய்கிறார்? மந்திரமா ஓதுகிறார்? இல்லை. காந்தி மார்க்கெட் மண்டியில் கணக்கெழுதும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் கடனை நினைத்துப் புரளுகிறார். காலையில் எழ முடியவில்லை. வேலைக்குப் போகாததால் கடன் கூடுகிறது. கூடியதால் மறுபடியும் தூக்கமில்லை. இது செக்குமாடு சுற்றுவது போன்றது. சிகிச்சை செய்பவர் அவரைக் கவலைப்படாதே என்று சொல்லுவதில்லை. (அதைச் சொல்ல அத்தை போதுமே!) இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் ஆறு மணிக்கு எழுவது. உறையூரிலிருந்து மண்டிக்குப் பாதி வழியாவது நடப்பது. கடன்காரர் பெயர்களைத் தலையில் வைத்துக்கொள்ளாமல் காகிதத்தில் எழுதுவது. அவர்களில் ஒருவரிடம் தவணை கேட்பது. அடுத்த வாரம் அதே நேரத்தில், எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று இருவருமாகப் பார்க்கிறார்கள். குறிக்கோள் பெரிதாயிருந்தால் குறைக்கிறார்கள். பார்த்தீர்களா, இதில் அருள் பாலிப்பவர் யாருமில்லை. குறிப்பவரும் செய்பவரும் சோதிப்பவரும் நோயாளிதான்.

இதற்கு என்ன ருஜு என்று நீங்கள் கேட்கவேண்டும். கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வுள்ள 495 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். மற்றதற்கு அதோடு, மனநலத் துறையில் பட்டம் பெறாத உள்ளூர் மனிதர்களைப் பழக்கி, இந்தமாதிரிப் பேச்சு சிகிச்சை நேரில் சில தடவை. மூன்று மாதத்தில் முதற்பிரிவில் 100-க்கு 39 பேர் தேறினார்கள். இரண்டாவதில் 64 பேர். 2016-ம் வருஷக் கடைசியில் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியான கணக்கு இது. எந்தக் கோயிலாவது இப்படி வந்தவர், தேறியவர், தேறாதவர் கணக்கு வெளியிட்டதுண்டா?

நமது தோழர்களிலேயே சிலர், "பகுத்தறிவுவாதிக்கு மனக்கவலை வரலாமா?" என்கிறார்கள். பகுத்தறிவுவாதிக்குப் பல்வலி வருவதில்லையா? இந்தப் பேச்சினால் நம்மவர்கள் வாயைமூடிக்கொண்டு வீட்டில் வேகிறார்கள். அக்கிரகாரத்துத் தாய்மாருக்கும், சேரித் தாய்மாருக்கும் இந்த விஷயத்தில் ஒரே கதிதான். இருவருக்கும் தனியாகப் பேச ஓர் அறை கிடையாது. ஆகையால் ஆண்களுக்குச் சொல்லுகிறேன்: உங்கள் மனைவியோ மகளோ வாரத்தில் அரைமணி நேரம் மொட்டைமாடியில் நின்று பேசவேண்டும் என்றால், யாரிடம் பேசினாய் என்று உளவு பார்க்காதீர்கள். நோயாளியின் விஷயத்தை ரகசியமாக வைப்பது சட்டப்படியான உரிமை.

ஏமாற்றுக்காரர்கள் இங்கேயும் உண்டு. ஜாதகம் பார்த்தவனே இன்று பலகை மாற்றிக்கொண்டு "ஆலோசகர்" என்று விளம்பரம் செய்கிறான். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ளுபவரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். மாத்திரை எழுதும் அதிகாரம் டாக்டருக்குத்தான் உண்டு. பரிகாரம், கல் மோதிரம் என்று ஆரம்பித்தால் இணைப்பைத் துண்டியுங்கள்.

காசில்லாதவர்களுக்கு 14416 என்ற எண் இருக்கிறது. 2022-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஆரம்பிக்கப்பட்டது. இரவு பகல் எந்நேரமும், தமிழில், இனாமாகப் பேசலாம். ஆனால் சாகவேண்டும் என்ற எண்ணம் முற்றினவரையும், இல்லாத குரல் கேட்கிறவரையும் தொலைபேசியோடு விட்டுவிடக்கூடாது. தனியே இருக்கவிடாமல் புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள். 1938-ல் இந்தி எதிர்ப்பில் முன்நின்ற நம் ஊர் கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரிலுள்ள மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது அது.

வீட்டுக்குப் போனதும் அந்த எண்ணைச் சுவரில் தொங்கும் காலண்டரில் எழுதி வையுங்கள். ராகுகாலம் அச்சடித்த காலண்டராக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. (சிரிப்பு, கைதட்டல்)