வேலையில் காயம்: மறைப்பவருக்கே நட்டம்



ஒன்ராறியோ மாகாணத்தில் வேலை செய்யும்போது காயப்பட்டால் சட்டப்படி எமக்கு என்ன உண்டு என்பது பற்றி இன்று பேசப்போகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. பட்டுத் தெளிந்த ஒரு தொழிலாளி. பிறகு பலருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்ததில் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

1999ஆம் ஆண்டு, மாரிகாலம். ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. அகதிக் கோரிக்கை இன்னும் முடியவில்லை. ஒரு நாள் விடியப்புறம் வலது கையில் இரண்டு விரல்கள் இயந்திரத்துக்குள் நசிந்துவிட்டன. மேற்பார்வையாளர் எங்கட ஆள்தான். காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது சொன்னார்: “தம்பி, வேலையிலை நடந்தது எண்டு சொல்லிப்போடாதை. வீட்டுக் கதவுக்குள்ளை அம்பிட்டது எண்டு சொல்லு. நாலு நாள் சம்பளம் நான் வாங்கித் தாறன். கேஸ் கீஸ் எண்டு போனால் இமிக்கிரேசனுக்கும் போகும்.”

நான் அப்படியே வைத்தியரிடம் சொன்னேன். அவரும் எழுதினார். நாலு நாள் சம்பளம் வந்ததும் உண்மைதான். ஆனால் எட்டு மாதம் கழித்தும் அந்த விரல்கள் மடங்கவில்லை. வேலை மந்தம் என்று நிற்பாட்டிவிட்டார்கள். அதன் பிறகுதான் இழப்பீட்டுக்கு ஓடினேன். விண்ணப்பிக்கும் காலம் கடந்திருந்தது. வைத்தியப் பதிவிலோ “வீட்டுக் கதவு” என்று இருந்தது. யாரை நோவது? சொன்னது என் வாய்தானே.

அன்று எனக்குத் தெரியாதவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, இது முதலாளியின் சட்டைப்பையிலிருந்து வரும் பிச்சைக்காசு அல்ல. 1913இல் நீதிபதி வில்லியம் மெரடித் கொடுத்த அறிக்கையின்படி, 1914இல் ஒன்ராறியோ ஒரு சட்டம் இயற்றியது. காயப்பட்ட தொழிலாளி முதலாளி மீது வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்தார். அதற்குப் பதிலாக, பிழை யாருடையது என்று பாராமல் அவருக்கு இழப்பீடு கிடைக்கும். அதற்கான கட்டணத்தை முதலாளிமார் மட்டுமே கட்டுகிறார்கள். இன்று இதை நடத்துவது, நாங்கள் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்று சொல்லும் வேலைத்தலக் காப்புறுதிச் சபை. முறைப்பாடுகள் கூடினால் தங்கள் கட்டணமும் கூடும் என்று சில முதலாளிமார் பயப்படுகிறார்கள். மறைக்கச் சொல்வது அதனால்தான். ஆனால் தொழிலாளியைத் தடுப்பதும் மிரட்டுவதும் சட்டப்படி குற்றம்.

இரண்டாவது, என்ன கிடைக்கும்? காயப்பட்ட அன்றைய முழுச் சம்பளத்தையும் முதலாளி கொடுக்க வேண்டும். வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் செலவும் அவருடையது. மறுநாளிலிருந்து, வேலை செய்ய முடியாத காலத்துக்கு, கைக்கு வரும் சம்பளத்தில் 85 வீதத்தைச் சபை கொடுக்கும். கிழமைக்கு 800 டொலர் கைக்கு வந்தவருக்கு 680 டொலர். காயத்துக்கான மருந்து, சிகிச்சைச் செலவும் உண்டு. நிரந்தரப் பாதிப்பு இருந்தால் அதற்குத் தனியான கொடுப்பனவு உண்டு.

மூன்றாவது, என்ன செய்ய வேண்டும்? சிறிய காயமானாலும் உடனே மேற்பார்வையாளருக்கு அறிவியுங்கள். ஏஜென்சி மூலம் போனவர்கள் ஏஜென்சிக்கும் சொல்லுங்கள். சட்டப்படி அவர்கள்தான் உங்கள் முதலாளி. வைத்தியரிடம் “இது வேலையில் நடந்தது” என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர் படிவம் 8 அனுப்புவார். முதலாளி 3 வேலை நாட்களுக்குள் படிவம் 7 மூலம் சபைக்கு அறிவிக்க வேண்டும். அதன் பிரதி ஒன்று உங்களுக்கும் தர வேண்டும். கேட்டு வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். உங்கள் படிவம் 6. அதை விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். முதலாளி அறிவிப்பார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தக்க காரணம் இருந்தால் சபை காலத்தை நீடிக்கலாம். ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். விபத்து நடந்த நேரம், இடம், பார்த்தவர்களின் பெயர்களை அன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

நான்காவது, எங்களைப் பிடித்து வைத்திருக்கும் பயங்கள். இந்த உரிமை குடியுரிமையைப் பார்த்து வருவதில்லை. அகதிக் கோரிக்கையாளரும் தற்காலிக வேலை அனுமதியில் இருப்பவரும் கேட்கலாம். காசு கையில் வாங்குபவரும் கேட்கலாம். முதலாளி சபையில் பதியாமல் விட்டது அவருடைய பிழை, உங்களுடையது அல்ல. துப்புரவு வேலையில் “நீ சொந்தத் தொழில் செய்பவன்” என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும், உண்மையில் யார் சொல்லி வேலை செய்தீர்கள் என்பதையே சபை பார்க்கும். வங்கி, காப்புறுதி நிறுவனம் போன்ற சில இடங்கள் இந்தச் சட்டத்துக்குள் கட்டாயமாக வருவதில்லை. உங்கள் இடம் வருகிறதா என்று சபையிடமே கேட்கலாம். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

இடுப்புப் பிடிப்பு, தோள்மூட்டு நோ போல நாளடைவில் வருவனவும், அந்த வேலையால்தான் வந்தன என்றால், இதற்குள் அடங்கும். “வயசு போனால் வாறதுதானே” என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஒரு வருடம் தொடர்ந்து இருந்தவரை, காயம் ஆறியதும் திரும்ப வேலைக்கு எடுக்கும் கடமை முதலாளிக்கு உண்டு. காயப்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடம் வரை அது நீடிக்கலாம்.

சபை இல்லை என்று கடிதம் அனுப்பினாலும் அதோடு முடிந்தது என்று நினையாதீர்கள். வேலைக்குத் திரும்புவது பற்றிய முடிவுக்கு 30 நாளுக்குள்ளும், மற்றவற்றுக்கு 6 மாதத்துக்குள்ளும் ஆட்சேபிக்கலாம். தொழிற்சங்கம் இருந்தால் அவர்களிடம் போங்கள். இல்லாதவர்களுக்கு மாகாண அரசின் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவும்.

நேயர்களே, என் வலது கையின் இரண்டு விரல்கள் இன்றும் சரியாக மடங்குவதில்லை. சோறு குழைக்கும்போதெல்லாம் அந்தக் காருக்குள் கேட்ட பேச்சு ஞாபகம் வரும். இன்று இரவு வேலைக்குப் போகும் பிள்ளைகளிடமும், கணவர் மனைவியிடமும் இதைச் சொல்லி வையுங்கள். வைத்தியர் “எங்கே நடந்தது?” என்று கேட்டால், நடந்த இடத்தைச் சொல்லுங்கள்.