யோசனை கேட்கப் போகுமுன் உங்கள் யோசனையைக் காத்துக் கொள்ளுங்கள்



குச்சிக் கிழங்கைச் சிரமமில்லாமல் பிடுங்க ஒரு நெம்புகோல், கோழிப் பண்ணைத் தீவனத் தொட்டியில் ஒரு திருத்தம், பரமத்தி வேலூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும் அடுப்பில் ஒரு மாற்றம் என்று சேலம், நாமக்கல் சமவெளியில் யாராவது ஒருவர் எதையாவது புதிதாகச் செய்து பார்த்துக் கொண்டுதான் இருக்கிறார். அதைத் தொழிலாக நடத்தலாமா என்ற எண்ணம் வரும்போது மாவட்டத் தொழில் மையத்திற்கோ, வேளாண் அறிவியல் நிலையத்திற்கோ, வங்கிக்கோ ஆலோசனை கேட்கப் போகிறீர்கள். அங்கே எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் வைத்துக் கொள்வது என்பது பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

எதையும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் சேலத்து ஜவ்வரிசித் தொழிலே ஒருவர் அறிந்ததை மற்றவருக்குச் சொன்னதால் வந்ததுதான். சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து 1943ஆம் ஆண்டில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். செய்முறை தெரிந்தவர் ஷா. பின்னர் வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் இயந்திரங்களைத் திருத்தி அமைத்தார். அந்த அறிவு ஊர் ஊராகப் பரவியதால்தான் ஆத்தூர், இராசிபுரம் பக்கமெல்லாம் ஆலைகள் எழுந்தன. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும், 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்தன.

ஆனால் சொன்னவருக்கு ஒன்றும் கிட்டாமல் போன கதையும் உண்டு. மகாராட்டிரத்தில் சந்திரபூர் மாவட்டத்தைச் சேர்ந்த தாதாஜி கோப்ரகடே ஒரு சிறு விவசாயி. 1983ஆம் ஆண்டு தம் வயலில் வேறுபட்டுத் தெரிந்த சில நெற்கதிர்களைப் பொறுக்கி, பல பருவங்கள் பயிரிட்டுத் தேர்ந்து, ஒரு சன்ன ரகத்தை உருவாக்கினார். அப்போது பெயர் பெற்றிருந்த கைக்கடிகாரத்தின் பெயரால் அது எச்.எம்.டி. நெல் எனப்பட்டது. 1994இல் அந்த விதையில் கொஞ்சத்தை ஒரு நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுத்தார். 1998இல் அது பி.கே.வி. எச்.எம்.டி. என்று அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் ரகமாக வெளிவந்தது. தூய்மைப்படுத்தி வெளியிட்டோம் என்பது அவர்கள் தரப்பு. கோப்ரகடேக்கு 2005இல் தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் விருது கிடைத்தது; பணம் பெரிதாகக் கிடைக்கவில்லை. 2018இல் காலமானார். வேளாண் பல்கலைக்கழகத்து இதழிலேயே இதைச் சொல்வது சிலருக்கு உவப்பாக இராது. ஆயினும் எங்களிடம் மாதிரி கொண்டு வருகிறவர்களே இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று அந்த நிலை மாறியிருக்கிறது. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001இல் இயற்றப்பட்ட பின், உழவர் தாம் தேர்ந்தெடுத்த ரகத்தைத் தம் பெயரிலேயே பதிவு செய்து கொள்ளலாம். உழவர் ரகத்துக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. விதையை வெளியே கொடுக்குமுன் இந்த விண்ணப்பத்தைப் போட்டு விடுங்கள்.

கருவி என்றால் காப்புரிமைச் சட்டம். இங்கேதான் நம்மவர்கள் மிகுதியாக ஏமாறுகிறார்கள், அதுவும் பிறரால் அல்ல. ஒரு பேச்சுக்கு, நீங்கள் லேத் பட்டறையில் செய்த கிழங்கு பிடுங்கும் கருவியை உழவர் திருவிழாவில் வைக்கிறீர்கள். நாலு பேர் படம் பிடிக்கிறார்கள், செய்தித்தாளில் வருகிறது. ஆறு மாதம் கழித்துக் காப்புரிமைக்குப் போனால், அது ஏற்கெனவே ஊரறிந்த பொருள், புதுமை இல்லை என்று தள்ளப்படலாம். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கு மட்டும் 12 மாத விலக்கு உண்டு. நம் ஊர்த் திருவிழா அதில் சேராது. அரசிடமோ அரசு அதிகாரம் பெற்றவரிடமோ ஆய்வுக்குக் காட்டியதால் மட்டும் புதுமை கெடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் உங்கள் ஆலோசகர் அப்படி அதிகாரம் பெற்றவர்தானா என்பது பிறகு வழக்காட வேண்டிய சங்கதி.

ஆகவே முதலில் விண்ணப்பம், பிறகு கண்காட்சி. கருவி முழுமை பெறாவிட்டாலும் தற்காலிக விவரக் குறிப்புடன் விண்ணப்பிக்கலாம். அந்தத் தேதி உங்களுக்கு உறுதியாகிவிடும். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுத்தால் போதும். இணையவழியில் தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். ஆய்வு செய்யக் கோரும்போது கட்டணம் தனி. முகவர் வைத்தால் அவர் ஊதியம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். கிடைத்த உரிமை விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு. சிலர் வரைபடத்தைத் தமக்குத் தாமே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்துக் கொள்கிறார்கள். அதனால் காப்புரிமை வராது. தேதியிட்ட நோட்டுப் புத்தகம் வைத்திருந்தால், வேறொருவர் உங்களிடமிருந்து எடுத்து விண்ணப்பித்ததை எதிர்க்கும்போது அது உதவும்.

எல்லாவற்றுக்கும் காப்புரிமை வராது என்பதையும் அறிய வேண்டும். நடவு இடைவெளி, நீர் பாய்ச்சும் முறை போன்ற சாகுபடி முறைகளுக்குச் சட்டமே இடம் தரவில்லை. வழிவழியாக வந்த அறிவுக்கும் அப்படியே. அவற்றைத் தாராளமாகப் பேசுங்கள். நாட்டுச் சர்க்கரை, கிழங்கு வறுவல் போன்ற பண்டங்களில் காக்க வேண்டியது பெயரைத்தான். வணிகச் சின்னப் பதிவுக்குத் தனிநபர் இணையவழியில் 4,500 ரூபாய் கட்ட வேண்டும். பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கலாம். பக்குவத்தை வீட்டோடு வைத்துக் கொள்ளுங்கள்.

இனி ஆலோசகர் முன் உட்காரும்போது என்ன பேசுவது? கருவி எத்தனை ஆள் வேலையை மிச்சப்படுத்தும், என்ன விலைக்கு விற்கும், எவ்வளவு முதல் வேண்டும் என்பதைச் சொன்னாலே கடன், மானியம், சந்தை பற்றி அவர் விடை சொல்ல முடியும். உள்ளே பல்சக்கரம் எப்படிச் சுழல்கிறது என்பது அவருக்குத் தேவையில்லை. அதையும் காட்டியே ஆக வேண்டிய கட்டம் வந்தால், இன்ன தேதியில் இன்னது காட்டப்பட்டது, அனுமதியின்றிப் பிறருக்குச் சொல்வதோ தாம் பயன்படுத்துவதோ இல்லை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக் கொள்ளுங்கள். வியாபார இரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச்சட்டம் இல்லாததால் இந்தத் தாள்தான் கையிலிருக்கும் ஆதாரம். அரசு அலுவலர் கையெழுத்திடத் தயங்கினால் மனத்தாங்கல் வேண்டாம். அவருக்கு அந்த அதிகாரம் இல்லாதிருக்கலாம். அங்கே பேச்சைப் பயனோடு நிறுத்திக் கொள்ளுங்கள். அடிக்கடி ஆபத்து வருவது அலுவலரைவிடப் பட்டறையிலிருந்துதான். இரண்டாவது கருவியைச் செய்யச் சொல்லும்போதே மூன்றாவது யாருக்கோ தயாராகிவிடுகிறது. பாகங்களை இரண்டு மூன்று பட்டறையில் பிரித்துக் கொடுத்து, வீட்டில் பூட்டிக் கொள்வது நல்லது.

காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. முன்பே யாராவது இதைப் பதிவு செய்திருக்கிறார்களா என்று அதன் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். படித்த பிள்ளைகளைக் கூட வைத்துக் கொண்டு ஒரு மாலை செலவிட்டால் போதும். தொழில் மையத்துக்கு முதல் நாள் போகும்போது ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், செலவு மதிப்பீடு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வரைபட நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும்.