பாட்டு யாருக்குச் சொந்தம்?

(தூத்துக்குடி அருகே புதுக்கோட்டையில், மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



சங்கக் கூட்டத்தில் சினிமாப் பாட்டைப் பற்றிப் பேச்சா என்று சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சற்று முன்பு ஒலிபெருக்கியில் பாட்டுப் போடாதிருந்தால் இத்தனை பேர் வந்திருப்பீர்களா?

பாட்டு உழைப்பில் பிறந்தது. நம் கடற்கரையில் வலை இழுத்தவன் அம்பா பாடினான். நடவு நட்டவள் குலவையிட்டுப் பாடினாள். பத்துக் கைகள் ஒன்றாய் இழுக்கப் பாட்டு வேண்டும். அந்தப் பாட்டுக்கு நீளம் எவ்வளவு? வலை கரை சேரும் வரை!

பிறகு யந்திரம் வந்தது. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றிய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் இடம். விடிய விடிய நடந்த நாடகத்தின் பாட்டும் அதற்குள் அடங்க வேண்டியதாயிற்று. இன்றும் சினிமாப் பாட்டு நாலைந்து நிமிஷம்தான். அந்த அளவுக்கு வழிகாட்டியவர் புலவருமல்ல, பாகவதருமல்ல, தட்டு!

பாட்டு 'ஹிட்' ஆவது எப்படி? நல்ல மெட்டு வேண்டும். அது மட்டும் போதாது. திரும்பத் திரும்பக் காதில் விழவேண்டும். 1952-க்குப் பின் அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் குறைத்தது. ஜனங்கள் பேசாமல் இருந்தார்களா? இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினார்கள்! 1957-இல் அரசாங்கமே விவித பாரதியைத் தொடங்க வேண்டி வந்தது.

1960-இல் நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' வந்தது. தொழிலாளர் வாழ்வைச் சொன்ன படம். பட்டுக்கோட்டையாரும் ஜெயகாந்தனும் கே.சி.எஸ். அருணாசலமும் பாட்டெழுதினார்கள், எம்.பி. சீனிவாசன் இசை. படம் ஓடவில்லை. பாட்டுகளோ வானொலியில் ஏறி இன்றும் வாழ்கின்றன. அதே சீனிவாசன்தான் ஸ்டூடியோக்களில் பிடிலும் தபேலாவும் வாசித்தவர்களுக்குச் சங்கம் கட்டியவர். வாத்தியக்காரனும் கூலிக்காரன்தான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்று யந்திரம் நம் சட்டைப் பையில் இருக்கிறது. ஸ்பாட்டிபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதனால் நீண்ட முன்னிசை போயிற்று. ஆரம்பத்திலேயே ஆளைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார்கள். சரி, காசு எங்கே போகிறது? 2021-இல் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட தன் பாட்டியின் கதையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு. கோடிக்கணக்கான தடவை கேட்கப்பட்டது. அதிலிருந்து ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024-இல் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். பெயர் பெற்றவர் கதியே இது!

நம் பக்கத்தில் ஓர் அக்காள் நடவில் பாடியதை ஒரு பையன் போனில் பிடித்துக்கொண்டு போனான். யாரோ அதற்குத் தாளம் சேர்த்து விட்டார்கள். கல்யாண வீட்டிலெல்லாம் ஒலித்தது. அக்காளிடம் கேட்டேன். "எங் குரல் மாதிரி இருக்கேன்னு நெனச்சேன் தம்பி" என்றாள். கூலி? அன்றைய நடவுக் கூலி மட்டும்தான்.

யந்திரத்தைத் திட்டிப் பயனில்லை. இதே யந்திரம் அம்பாப் பாட்டை அழியாமல் காக்கவும் செய்யும். கேள்வி, அது யார் கையில் என்பதே. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தம் ராயல்டிப் பங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. பாடியவருக்கும் உரிமை உண்டு. ஆனால் கேட்க ஆள் வேண்டுமே!

ஆகவே தோழர்களே, உங்கள் ஊரில் யாராவது பாட்டைப் பிடிக்க வந்தால் மூன்றைக் கேளுங்கள்: பாடியவர் பெயரைப் போடுவாயா? சம்மதத்தை எழுத்தில் வாங்குவாயா? வருமானத்தில் பங்கு என்ன? தனியாகக் கேட்டால் சிரிப்பார்கள். சேர்ந்து கேளுங்கள். வலையை ஒருவனாக இழுக்க முடியாது என்பதை அம்பா பாடியவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.