கொடுமுடியில் பிறந்த குரல்



ஔவையார் என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? வெண்ணிற ஆடை, நெற்றியில் திருநீறு, கையில் கோல் ஊன்றிய ஒரு மூதாட்டி அல்லவா? அந்த உருவத்தைத் தமிழர் நெஞ்சில் பதித்தவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார்.

தமிழ்நாட்டில், காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு அவர் பிறந்தார். குடும்பத்தில் கொடிய வறுமை. சிறுமியாய் இருந்தபோதே இரயில் வண்டிகளில் பாடிக் காசு பெற்றார். அந்தக் குரலைக் கேட்டு வியந்தவர்கள் அவரை நாடக மேடைக்கு அழைத்துச் சென்றனர். அக்காலத்தில் மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். அவருக்கு அது எளிதாயிற்று.

இலங்கையில் நாடகம் நடிக்கச் சென்றபோது, புகழ்பெற்ற பாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார், பின்னர் அவரையே மணந்தார். ஆனால் 1933இல் கிட்டப்பா காலமானார். அப்பொழுது அம்மையாருக்கு வயது இருபத்தைந்துதான். அன்று உடுத்திய வெள்ளைப் புடவையை இறுதிவரை அவர் மாற்றவில்லை. மேடையை விட்டும் சில காலம் விலகி இருந்தார்.

ஆயினும் அந்தக் குரல் அடங்கிவிடவில்லை. 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடமேற்று நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய்! விடுதலைப் போராட்டத்திற்காகவும் ஊர் ஊராகப் பாடினார். சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1953இல் ‘ஔவையார்’, 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தி அடிகள், மறு ஆண்டு ‘திருவிளையாடல்’ எனக் குணச்சித்திர வேடங்களில் ஒளிர்ந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980இல் மறைந்தார்.

மாணவர்களே, ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில், பால்மரம் வெட்டும் தொழிலாளியின் மகள் ஒருத்தி உரத்த குரலில் பாடுவாள். “என்ன சத்தம்? உட்கார்!” என்று அதட்டினேன். அதன்பிறகு அவள் என் எதிரில் பாடவே இல்லை. இந்த அம்மையாரின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அவள் முகம் நினைவுக்கு வருகிறது. இரயிலில் பாடிய சிறுமியையும் யாராவது அதட்டியிருந்தால்?

உங்கள் பக்கத்தில் ஒருவர் பாடினால் நகைக்காதீர்கள். சற்றுச் செவி கொடுத்துக் கேளுங்கள்.