தனிநாயக அடிகளும் ஆங்கிலத்தில் வந்த தமிழேடும்



1981 சனவரியில் மதுரை மாநகரில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு கூடிற்று. பரங்குன்றத்தை அடுத்த இத்திருநகர் மக்களும் அவ்விழாவின் ஆரவாரத்தை அறிவர். ஆனால் அம்மாநாட்டு மரபுக்கு வித்திட்டவர் அதைக் காண உயிரோடு இல்லை. சேவியர் தனிநாயக அடிகள் அதற்கு நான்கு மாதங்கள் முன்னர், 1980 செப்டம்பர் முதல் நாளன்று மறைந்துவிட்டார்.

அடிகள் 1913 ஆகஸ்டு 2இல், யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் பிறந்தார். இட்ட பெயர் சேவியர் நிக்கலாஸ் ஸ்டனிஸ்லாஸ். உரோமையில் இறையியல் பயின்று 1938இல் குருவானார். புனித சிப்பிரியான் காலத்துக் கார்த்தேசுத் திருச்சபை பற்றி ஆய்ந்து முனைவரும் ஆனார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, போர்த்துக்கீசியம் முதலிய மொழிகள் அவருக்குக் கைவந்தன. கைவராதது தாய்மொழி இலக்கியம் ஒன்றே.

அக்குறை தீர்ந்த இடம் நெல்லைச் சீமையின் வடக்கன்குளம். அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தபோது, பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் அடிகள் மாணவராக அமர்ந்தார். உரோமையில் பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குரு ஒருவர் அந்தணப் புலவரிடம் பாடம் கேட்ட காட்சியை எண்ணிப் பார்த்தல் தகும். சமயம் அங்கே குறுக்கிடவில்லை. பின்னர் 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்து, வயதில் தம்மினும் மிக இளையோரோடு அமர்ந்து முறையாகத் தமிழ் பயின்றார். சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்தார். கிரேக்க, இலத்தீன் கவிதைகளைக் கற்றவரின் கண்ணுக்கு முதலும் கருவும் உரிப்பொருளும் புதிய ஒளியோடு தோன்றின. சங்கப் புலவன் இயற்கையைத் தனியே வியந்து பாடவில்லை, மாந்தர் உள்ளத்துக்கு நிலைக்களனாக்கினான் என்று உலக இலக்கியங்களோடு ஒப்பிட்டு நிறுவினார். தாய்மொழிக்குப் பிந்தி வந்தவர்க்கு ஒரு நன்மை உண்டு. பழகிய கண் காணாததை அவர் காண்பார்.

1952 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் காலாண்டிதழை அவர் தொடங்கினார். முழுவதும் ஆங்கிலம். தமிழுக்கு ஆங்கிலத்தில் ஏடா என்று கேட்கத் தோன்றும். அந்நாளில் மேலைநாட்டு அறிஞர் பெரும்பாலோர் இந்தியாவை வடமொழி வழியாகவே கண்டனர். அவர்கள் வாசலில் சென்று, அவர்கள் அறிந்த மொழியில், சான்றுகளோடு பேச வேண்டும் என்பது அடிகள் கொண்ட முடிவு. அது சரியான முடிவே. எனினும் அதற்கு ஒரு விலை இருந்தது. ஆங்கிலம் அறியாத புலவரும் கவிஞரும் தம் இலக்கியத்தைப் பற்றி உலகம் பேசியதைப் படிக்க இயலாது போயினர். ‘தமிழ்த்தூது’, ‘ஒன்றே உலகம்’ ஆகிய அவருடைய தமிழ் நூல்கள் அக்குறையை ஓரளவே நீக்கின.

பழைய அச்சு நூல்களைத் தேடியதும் இதே வேட்கையால்தான். 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் மறைக்கல்வி நூலை அவர் உலகறியச் செய்தார். மதுரை மறைப்பணித் தளத்தைச் சேர்ந்த அந்தாவ் தெ புரோயென்சா தொகுத்து, 1679இல் அம்பலக்காட்டில் அச்சேறிய தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்திலிருந்து வெளிக்கொணர்ந்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பிட்டார்.

குருவுக்கு அரசியல் எதற்கு என்னும் வினாவுக்கும் அடிகள் இடங்கொடுத்தவரே. 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்து விரிவுரையாளராக இருந்தும் அவர் வாளாவிருக்கவில்லை. மொழியுரிமை பற்றித் தம் இதழிலேயே வாதிட்டு எழுதினார். ஆய்விதழ் அரசியல் பேசலாமா என்போர் இன்றும் உளர். பேசப்படும் மொழிக்கு உரிமையில்லாத நாட்டில் அதன் பழம்பெருமையை மட்டும் ஆராய்வது எத்தகைய ஆய்வு என்பதையும் அவர்கள் சொல்லவேண்டும்.

1961இல் மலாயாப் பல்கலைக்கழகம் சென்றார். 1964 சனவரியில் தில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் பிலியோசா தலைவர். செக் நாட்டுக் கமில் சுவெலபிலும் அடிகளும் பொதுச் செயலாளர்கள். முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. ‘தமிழ் கல்ச்சர்’ நின்றதும் அதே ஆண்டில்தான். அடுத்து 1968இல் சென்னை மாநாடு, கடற்கரைச் சிலைகளும் ஊர்வலமுமாகப் பெருந்திருவிழாவாயிற்று. விழாவால் மக்கள் தமிழ்ப் பெருமை கொண்டனர், உண்மை. ஆயினும் அறிஞர் அமர்ந்து சான்று காட்டி வாதிடும் அரங்கு திருவிழாவின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. மதுரையிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

1974 சனவரியில் நான்காம் மாநாட்டைக் கொழும்பில் நடத்துவதா, யாழ்ப்பாணத்தில் நடத்துவதா என்பதே பெரும் பூசலாயிற்று. பேராசிரியர் வித்தியானந்தன் முன்னின்று யாழ்ப்பாணத்திலேயே நடத்தினார். நிறைவையொட்டி சனவரி 10இல் நடந்த பொதுக்கூட்டத்தில் காவல்துறை புகுந்து தாக்கியது. அறுந்து வீழ்ந்த மின்கம்பியால் உயிர்கள் மாண்டன. ஆய்வை அரசியலினின்று விலக்கி வைக்க விரும்பியோர்க்கும் அன்று ஒதுங்கி நிற்க இடமில்லாமற் போயிற்று.

1980இல், தம் இறுதி ஆண்டில், தந்தை செல்வா நினைவுச் சொற்பொழிவு ஆற்ற அடிகள் அழைக்கப்பட்டார். தமிழர் அரசியலின் முதுபெருந் தலைவர் ஒருவரை நினைவுகூரும் மேடை அது. அங்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், தமிழாய்வு இதுவரை வந்த வழியும் இனிச் செல்ல வேண்டிய வழியும்.