பூச்சியப் பாகையின் இரு பக்கங்கள்

(நூற்றாண்டு விழா உரைத்தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் துருவப் பனியைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் எண்ணக்கூடும். அந்தப் பனிக்கும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லவே இந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறோம். அதற்கு முதல், இக்கல்லூரியின் விஞ்ஞான அறையில் நாம் எல்லோரும் படித்த ஒரு பாடத்தை மீட்டுப் பார்ப்போம்.

மறைவெப்பம் என்ற அந்தப் பாடம் நினைவிருக்கும். ஒரு கிராம் பனிக்கட்டியின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 2 யூல் வெப்பம் போதும். பூச்சியப் பாகையை அடைந்துவிட்ட அதே ஒரு கிராமை நீராக்குவதற்கு 334 யூல் வேண்டும். அவ்வளவு வெப்பம் ஒரு கிராம் நீரைப் பூச்சியத்திலிருந்து 80 பாகை வரை சூடாக்கிவிடும். ஐஸ்கட்டி மிதக்கும்வரை சர்பத் குளிராகவே இருப்பது இதனால்தான். வருகிற வெப்பத்தில் பெரும்பகுதி உருக்குவதற்கே செலவாகிவிடுகிறது.

இப்போது அண்மைக்காலத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பார்ப்போம்.

2022 மார்ச் மாதத்தில் அந்தாட்டிக்காவின் நடுமேட்டில் உள்ள கொன்கோர்டியா ஆய்வு நிலையத்தில் வெப்பநிலை வழமையைவிடக் கிட்டத்தட்ட 40 பாகை உயர்ந்தது. எங்கும் கேள்விப்படாத உயர்வு அது. ஆனாலும் வெப்பமானி காட்டியது மைனஸ் 12 பாகையளவில்தான். ஆகவே அந்த மேட்டில் பனி உருகவில்லை.

அதற்கு முந்திய வருடம், 2021 ஆகஸ்ட் 14ஆம் திகதி, கிறீன்லாந்துப் பனிப்பாளத்தின் உச்சியில் பல மணிநேரம் மழை பெய்தது. அந்த உச்சி 3,200 மீற்றருக்கும் அதிக உயரமானது. எமது பீதுருதாலகால மலையைவிட உயரம். அங்கு மழை பதிவானது அதுவே முதல் தடவை. அன்று வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே போனது அரைப் பாகையளவுதான்.

நாற்பது பாகை உயர்வு ஓரிடத்தில் ஒன்றையும் உருக்கவில்லை. அரைப் பாகை இன்னோரிடத்தில் பனி விழவேண்டிய இடத்தில் மழையைக் கொண்டுவந்தது. எத்தனை பாகை கூடியது என்று மட்டும் கேட்டால் போதாது, பூச்சியத்தின் எந்தப் பக்கத்தில் கூடியது என்றும் கேட்கவேண்டும்.

இதற்காகப் பனியாய்வாளர்கள் ஓர் எளிய கணக்கை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே எத்தனை பாகை என்று பார்த்து, கோடைகாலம் முழுவதற்கும் கூட்டிக்கொள்வார்கள். அதன் பெயர் பாகை-நாள். பூச்சியத்துக்குக் கீழே உள்ள நாட்கள் கணக்கில் வரா. கிறீன்லாந்தில் ஒரு பாகை-நாளுக்கு வெண்பனி என்றால் சுமார் 3 மில்லிமீற்றர் நீரும், வெறும் பனிக்கட்டி என்றால் சுமார் 8 மில்லிமீற்றர் நீரும் உருகும் என்று வைத்துக் கணிப்பது வழக்கம். ஒரு வாரம் நாள்தோறும் 2 பாகை இருந்தால் 14 பாகை-நாள். வெறும் பனிக்கட்டியில் 11 சென்ரிமீற்றர் போய்விடும்.

பனிக்கட்டி ஏன் இவ்வளவு கூட உருகுகிறது? நிறமே காரணம். புதிதாய் விழுந்த வெண்பனி தன்மேல் படும் சூரிய ஒளியில் 80 வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். வெயிலில் வெள்ளைச் சேலையும் கறுப்புச் சேலையும் உடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பனி ஈரமாகி, கரடாகி, அடியில் உள்ள சாம்பல் நிறப் பனிக்கட்டி வெளியே தெரிந்தால் அந்தப் பங்கு பாதியளவுக்கும் இறங்கும். எஞ்சிய ஒளி உள்ளே போய் உருக்கும். உருக்கும் வேலையில் பெரும்பங்கு சூரியனுடையது. கடும் வெயிலில் வளி பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே இருந்தாலும்கூடச் சிறிது உருகலாம். ஆனால் சூரியனுக்குக் கதவைத் திறந்துவிடுவது பெரும்பாலும் வெப்பமான வளிதான்.

முகிலுக்கும் பங்கு உண்டு. 2012 யூலையில் கிறீன்லாந்தின் மேற்பரப்பில் ஏறத்தாழ 97 வீதம் உருகியதைச் செய்மதிகள் கண்டன. மேற்கே இருந்து வந்த வெப்பமான வளியோடு மெல்லிய தாழ்முகில்களும் சேர்ந்திருந்தன. சூரிய ஒளியை உள்ளே விடும் அளவுக்கு அவை மெல்லியவை. பனியிலிருந்து மேலெழும் வெப்பத்தைத் தடுத்துத் திருப்பும் அளவுக்குத் தடித்தவை. அதே மாதத்தில் கங்கர்லுசுவாக் என்ற ஊரில் உருகுநீர் வெள்ளமாய் வந்து ஆற்றுப் பாலத்தை உடைத்தது. உச்சியில் அப்படி உருகியது அதற்கு முன்னர் 1889இல் என்று பனியைத் துளைத்தெடுத்த மாதிரிகள் காட்டுகின்றன. 2012க்குப் பிறகோ 2019இலும் 2021இலும் அந்த உச்சி மீண்டும் பூச்சியத்தைத் தாண்டியது.

அந்தாட்டிக்காவைப் பற்றி நாம் நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. அங்கு உள்நிலம் உருகாவிட்டாலும், கரையோரத்தில் வெப்பமான கடல்நீர் பனியை அடியிலிருந்து கரைக்கிறது. வடக்கே நீண்டிருக்கும் குடாநாட்டில் வளியும் பூச்சியத்தைத் தாண்டுகிறது. அங்கே 2002இன் தொடக்கத்தில் லார்சன் பி என்ற மிதக்கும் பனித்தட்டில் உருகுநீர் குளம் குளமாய்த் தேங்கி, வெடிப்புகளுக்குள் இறங்கி அவற்றைப் பிளந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல் மூன்று மடங்கு பரப்பு ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் நொறுங்கியது.

1992 முதல் 2020 வரை இவ்விரு பனிப்பாளங்களும் இழந்த பனி உலகக் கடல் மட்டத்தைச் சுமார் 21 மில்லிமீற்றர் உயர்த்தியது. சிறிய எண் போலத் தோன்றும். ஆனால் கிறீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் 7 மீற்றருக்கு மேல் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் செல்லும் என்றாலும், எந்த வேகத்தில் என்பது இன்றைய மனிதர் கையில் இருக்கிறது.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. கிறீன்லாந்துப் பனி தன் பெரும் திணிவினால் சுற்றியுள்ள கடலைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைய அந்த இழுவை தளர்ந்து, அந்தத் தீவைச் சுற்றிக் கடல் தாழ்கிறது. தூரத்தில், எம்மைப் போன்ற வெப்பவலயக் கரைகளில், சராசரியைவிடக் கூட உயர்கிறது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் இறங்கி, உவர்நீரின் மேலே வில்லைபோல மிதக்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொது விதி. துலாவினால் இறைத்த காலம் போய் மோட்டாரினால் அளவுக்கு மிஞ்சி இறைப்பதால் கரையோரக் கிணறுகள் இப்போதே உவர்க்கின்றன. அந்தக் குற்றம் துருவத்தினுடையது அல்ல. ஆனால் கடல் உயர உயர, எமக்கு மிஞ்சும் இடைவெளி குறையும்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நூற்றாண்டு நினைவாகக் கல்லூரி வளவில் ஒரு மழைமானியும் ஒரு வெப்பமானியும் நிறுவுவோம். கிணற்றின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் வாரந்தோறும் மாணவிகளே அளந்து ஒரு கொப்பியில் எழுதட்டும். செலவு அதிகமில்லை, கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் எம்மவர் ஒரு மாதச் சிறுதொகையில் தாங்கக்கூடியது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் கொப்பியின் பெறுமதி கூடும். இருநூறாவது ஆண்டு விழாவில் பேசவருபவர், வேறு எங்கோ அளந்த எண்களோடு, இந்த வளவிலேயே எமது பிள்ளைகள் அளந்த எண்களையும் வாசிக்கட்டும்.