மூன்றாவது கோடு

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசு, ஆனா ஹாஸ்டல் கதை வேண்டாம். அதை எல்லாரும் பேசுவாங்க" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் சந்திப்பு விழாவில் சந்திப்பைப் பற்றியே பேசுகிறேன். மனிதர்கள் சந்திப்பு அல்ல, கோடுகள் சந்திப்பு.

ஒரு தாளில் இரண்டு கோடு போடுங்கள். இணைகோடாக இல்லாவிட்டால் நீட்ட நீட்ட எங்காவது வெட்டிக்கொண்டே தீரும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. மூன்றாவது கோடு போட்டால்தான் விஷயம். பெரும்பாலும் நடுவில் ஒரு சின்ன முக்கோணம் விழும். அப்படி விழாமல் அதே புள்ளி வழியாகப் போனால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

நடுக்கோட்டு மையம், உள்வட்ட மையம், சுற்றுவட்ட மையம், செங்கோட்டு மையம் என்று பள்ளிக்கூடத்தில் நாலு பெயர் படித்தோம். எந்த முக்கோணமானாலும் மூன்று நடுக்கோடும் ஒரே புள்ளியில் சந்திக்கும். ஏன் சந்திக்க வேண்டும்? இதற்கு எஞ்சினியர் மனசுக்குப் பிடித்த பதில் ஒன்று உண்டு. இத்தாலியரான ஜியோவன்னி சேவா 1678-இல் வெளியிட்ட புத்தகத்தில் எடையை வைத்தே இந்த மாதிரிக் கணக்குகளைப் போட்டார். (மனிதர் நீரியலும் தெரிந்தவர். ரெனோ ஆற்றைப் போ நதியில் திருப்பிவிடும் திட்டத்தை எதிர்த்தவர். நம்ம ஜாதி!)

முக்கோணத்தின் மூன்று முனையிலும் ஒவ்வொரு கிலோ கல் வையுங்கள். கீழே உள்ள இரண்டு கல்லும் அந்தப் பக்கத்தின் நடுவில் சமநிலை கொள்ளும். ஆக மொத்த எடையின் சமநிலைப் புள்ளி, மேல்முனையிலிருந்து அந்த நடுப்புள்ளிக்குப் போகும் நடுக்கோட்டின் மேல்தான் இருக்க முடியும். இதையே மற்ற இரண்டு முனையிலிருந்தும் சொல்லலாம். சமநிலைப் புள்ளி ஒன்றுதானே இருக்கும்? அப்படியானால் மூன்று நடுக்கோடும் அதன் வழியாகப் போயே ஆக வேண்டும். நடுக்கோட்டில் ஒரு கிலோவும் இரண்டு கிலோவும் இழுப்பதால்தான் 2:1 விகிதம். கல்லின் எடையை எதிர்ப்பக்க நீளத்துக்கு ஏற்ப மாற்றி வையுங்கள், உள்வட்ட மையம் கிடைத்துவிடும்.

தாளில் இது நிரூபணம். எங்கள் தொழிலில் இது ஆள் நிற்கும் கூரை.

சில வருஷம் முன்பு திருச்சிப் பக்கம் ஒரு கிடங்குக்கு இரும்பு டிரஸ் செய்துகொண்டிருந்தோம். கம்ப்யூட்டரில் கணக்குப் போடும்போது கீழ்க்கம்பியும் இரண்டு சாய்வுக் கம்பிகளும் ஒரே நோடில் சந்திக்கும் என்று நாம்தான் எழுதிக் கொடுக்கிறோம். அதுவும் நம்பிக் கொள்கிறது. ஷாப்பில் வேலை பார்த்த ஃபிட்டர், வயதானவர், மூன்று ஆங்கிளின் மையக்கோட்டிலும் நூல் பிடித்தார். "சார், மூணு நூலும் ஒண்ணா விழலையே" என்றார். சாய்வுக் கம்பிகள் வெட்டிய இடம், கீழ்க்கம்பியின் நூலுக்கு 40 மில்லிமீட்டர் கீழே இருந்தது. ஸ்பானர் நுழைய இடம் வேண்டும் என்று துளையைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

"கஸெட் பிளேட்டுல கூட ஒரு வெல்ட் வச்சுட்டாப் போச்சு" என்றார் ஒப்பந்ததாரர். வெல்ட் வைத்தால் பிடிப்பு கூடும், கோடு நகராது. அந்த இணைப்பின் இரு பக்கமும் கீழ்க்கம்பியில் உள்ள விசை வித்தியாசம் 100 கிலோநியூட்டன். அது 40 மில்லிமீட்டர் தள்ளி வேலை செய்தால் 4 கிலோநியூட்டன்-மீட்டர் வளைக்கும் திருப்பம். இழுவைக்கும் அழுத்தத்துக்கும் மட்டும் தேர்ந்தெடுத்த சின்ன ஆங்கிள் அதை எப்படித் தாங்கும்? கீழே இரண்டு ஷிப்டு ஆட்கள் மூட்டை அடுக்குவார்கள்.

"அண்ணே, நீங்க சொல்ற நூல்தான்" என்று ஃபிட்டரிடம் சொல்லிவிட்டு, முடிந்திருந்த மூன்று டிரஸ்ஸையும் பிரிக்கச் சொன்னேன். செலவு யார் தலையில் என்று பத்து நாள் கடிதப் போக்குவரத்து நடந்தது. அதைச் சொன்னால் சாப்பாடு ஆறிவிடும்.

குழந்தைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நடுக்கோட்டு மையம், சுற்றுவட்ட மையம், செங்கோட்டு மையம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும் என்று ஆய்லர் 1765-இல் காட்டினார். செங்கோட்டு மையத்திலிருந்து நடுக்கோட்டு மையத்துக்கு உள்ள தூரம், அங்கிருந்து சுற்றுவட்ட மையத்துக்கு உள்ள தூரத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு. சமபக்க முக்கோணம் போடாதீர்கள், அதில் மூன்றும் ஒரே இடத்தில் ஒளிந்துகொள்ளும். அழைப்பிதழின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. பெரிதாக ஒரு கோணல் முக்கோணம் போட்டுப் பாருங்கள். பென்சிலை மட்டும் நன்றாகச் சீவிக்கொள்ளுங்கள்.